கட்டுபவர் ஒருவர், சான்றளிப்பவர் வேறொருவர்: நெய்வேலி நகரியத்திலும் சுற்றூர்களிலும் கட்டட அனுமதிக் கண்காணிப்பு

1. அத்தியாயத்தின் நோக்கம்

ஒரு கட்டடம் பாதுகாப்பானது என்று கூறும் சான்றிதழின் மதிப்பு இரண்டைப் பொறுத்தது. அதில் கையெழுத்திட்டவர் கட்டியவருக்குக் கட்டுப்படாதவராக இருக்க வேண்டும். கட்டுமானம் நடந்துகொண்டிருந்தபோதே அவர் அதை நேரில் பார்த்திருக்கவும் வேண்டும். இவ்விரண்டும் இல்லாத சான்றிதழ், எத்தனை முத்திரைகள் குத்தப்பட்டிருந்தாலும், கோப்பை நிறைவு செய்யுமே தவிர உயிரைக் காக்காது. இந்த அளவுகோல்களைக் கொண்டு, கடலூர் மாவட்டத்தின் நெய்வேலி நகரியத்திலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் கட்டட அனுமதியையும் சான்றளிப்பையும் அரசு எவ்வாறு கண்காணிக்கலாம் என்பதை இவ்வத்தியாயம் விளக்குகிறது. மாவட்ட அலுவலர்கள், ஊராட்சி, பேரூராட்சிப் பிரதிநிதிகள், பதிவு பெற்ற பொறியாளர்கள், குடியிருப்போர் நலச் சங்கத்தினர் ஆகியோரை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டுள்ளது.

நெய்வேலியை எடுத்துக்கொள்வதற்குத் தனிக் காரணம் உண்டு. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனமாகத் தொடங்கி, 2016 முதல் என்எல்சி இந்தியா நிறுவனம் என்ற பெயரில் இயங்கும் மத்தியப் பொதுத்துறை நிறுவனம், தன் ஊழியர்களுக்காக, வட்டங்கள் எனப்படும் பிரிவுகளாகத் திட்டமிட்டு எழுப்பிய ஊர் அது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். நகரியத்தின் சாலை, குடிநீர், சாக்கடை, குடியிருப்பு ஆகியவற்றை நகராட்சி மன்றம் பராமரிக்கவில்லை. நிறுவனத்தின் நகர நிர்வாகத் துறையே பராமரிக்கிறது. இதனால் நிலத்துக்கு உரிமையாளர், கட்டடத்தைத் திட்டமிடுபவர், ஒப்பந்தம் விட்டுக் கட்டுபவர், முடிந்ததும் ஏற்றுக்கொள்பவர், பிறகு பராமரிப்பவர் என்ற பொறுப்புகள் யாவும் ஒரே நிறுவனத்திடம் குவிகின்றன. நகரியத்தின் நுழைவாயிலான ஆர்ச் கேட்டைத் தாண்டி இந்திரா நகர், வடக்குத்து, மந்தாரக்குப்பம், வடலூர் என்று விரியும் பகுதிகளிலோ இதற்கு நேரெதிரான நிலை காணப்படுகிறது. அங்கு கட்டுபவர்கள் பல்லாயிரம் தனிமனிதர்கள். சரிபார்க்க வேண்டிய உள்ளாட்சி அமைப்புகளிலோ, குறிப்பாகச் சிற்றூராட்சிகளில், கட்டமைப்புக் கணக்கைப் படித்துப் பார்க்கக்கூடிய பொறியாளர்கள் அரிது. ஒரு பக்கம் அதிகாரக் குவிப்பும் மறுபக்கம் ஆள்பற்றாக்குறையும் இருந்தாலும், இரண்டும் உண்டாக்கும் குறை ஒன்றே: கட்டுபவரைச் சாராத இன்னொரு கண் இல்லாமல் கட்டடங்கள் எழுகின்றன.

2. பிரித்தறிய வேண்டிய நான்கு ஆவணங்கள்

பொதுப் பேச்சில் 'அப்ரூவல்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும் நான்கு ஆவணங்களைத் தனித்தனியே புரிந்துகொள்ளாமல் கண்காணிப்பைத் தொடங்க முடியாது.

திட்ட அனுமதி என்பது தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971இன் கீழ் வழங்கப்படுவது. நிலப் பயன்பாடு பொருந்துகிறதா, சாலை அகலம் போதுமா, பக்க இடைவெளிகள் விடப்பட்டுள்ளனவா, மனைப் பரப்புக்கும் மொத்தத் தளப்பரப்புக்கும் உள்ள விகிதமாகிய தளப்பரப்புக் குறியீடு மீறப்படவில்லையா என்பவற்றை அது பார்க்கிறது. கட்டட அனுமதி என்பது உள்ளாட்சி அமைப்பு, தனக்குரிய சட்டத்தின்படி, குறிப்பிட்ட வரைபடத்தின்படி கட்டத் தொடங்கலாம் என்று தரும் இசைவு. கட்டமைப்பு உறுதிச் சான்று என்பது அடித்தளம், தூண், உத்தரம், தளம் ஆகியவை தம்மீது விழும் சுமைகளைத் தாங்கும் என்று கட்டமைப்புப் பொறியாளர் தம் பெயரில் தரும் உறுதிமொழி. நிறைவுச் சான்று என்பது கட்டி முடிந்த கட்டடம் அனுமதித்த வரைபடத்தோடு ஒத்திருக்கிறது என்று அனுமதி தந்த அமைப்பு நேரில் பார்த்து வழங்குவது.

இவற்றுள் முதல் இரண்டும் கட்டடம் எழுவதற்கு முன் தாளைப் பார்த்துத் தரப்படுபவை; நான்காவது எல்லாம் முடிந்தபின் வெளித்தோற்றத்தைப் பார்த்துத் தரப்படுவது. கட்டடம் நிற்குமா விழுமா என்பதைத் தீர்மானிக்கும் வேலைகள் இவ்விரு முனைகளுக்கும் நடுவே, குழி தோண்டும் நாளிலும் கம்பி கட்டும் நாளிலும் கான்கிரீட் போடும் நாளிலும் நடைபெறுகின்றன. அந்த இடைக்காலத்தில் அரசின் பார்வை மிக மெலிந்திருப்பதே இன்றைய முறையின் அடிப்படைக் குறை.

3. எவருடைய அதிகாரம் எதுவரை

நெய்வேலியில் உள்ள எல்லாக் கட்டுமானங்களும் வெளிப்பார்வை இன்றி இருப்பதாகக் கருதுவது தவறு. சுரங்கங்கள், தன்பாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககத்தின் ஆய்வுக்கு உட்பட்டவை. தொழிற்சாலைக் கட்டடங்களின் வரைபடங்கள் மாநிலத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். அனல்மின் நிலையக் கொதிகலன்களுக்கும் தனிச் சட்டமும் தனி ஆய்வாளர்களும் உண்டு. பள்ளி போன்ற பொதுக் கட்டடங்களுக்குத் தமிழ்நாடு பொதுக் கட்டடங்கள் (உரிமம்) சட்டம், 1965இன்படி வட்டாட்சியர் வழங்கும் உரிமம் தேவை. ஆனால் தொழிலாளி வேலை முடித்து உறங்கச் செல்லும் குடியிருப்பு, குழந்தை விளையாடும் மாடிப்படி, சந்தைக் கடை, சுற்றுச்சுவர், மேல்நிலை நீர்த்தொட்டி ஆகியவற்றுக்கு இதற்கு நிகரான தொடர் ஆய்வு இல்லை.

அரசே கட்டும்போது என்ன செய்வது என்பதற்கும் சட்டத்தில் வழி உண்டு. நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 58ஆம் பிரிவு, மத்திய அரசோ மாநில அரசோ உள்ளாட்சியோ தன் துறைகளுக்காக நிலத்தை மேம்படுத்த விரும்பினால், உரிய விவரங்களோடும் வரைபடங்களோடும் திட்ட அமைப்புக்கு முன்கூட்டியே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. பொதுத்துறை நிறுவனத்தையும் அரசுத் துறையாகக் கொண்டு இந்தச் சுருக்க வழியில் செல்ல விடலாமா என்ற கேள்வி இங்கு எழுகிறது. 1980களின் தொடக்கத்தில், வெஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸ் நிறுவனத்துக்கும் கோர்பா சிறப்புப் பகுதி வளர்ச்சி ஆணையத்துக்கும் இடையிலான சொத்துவரி வழக்கில், பங்குகள் முழுவதும் அரசிடம் இருந்தாலும் நிறுவனம் என்பது அரசிலிருந்து வேறான தனிச் சட்ட ஆளுமை உடையது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வரி பற்றிய அந்தத் தீர்ப்பு கட்டட அனுமதிக்கு நேரடியாகப் பொருந்தாவிட்டாலும், நிலக்கரி நிறுவனம் ஒன்று ஒரு வளர்ச்சி ஆணையத்தின் முன் அரசாகவே நிற்க முடியாது என்ற கொள்கை அதில் தெளிவாக உள்ளது. ஆகவே நகரியத்தில் எழும் புதிய கட்டடங்களுக்குத் தனியார் கட்டடங்களுக்கு உரிய முழு நடைமுறையையே பின்பற்றுவது சட்ட நோக்கிலும் பாதுகாப்பு நோக்கிலும் ஏற்றது.

நகரியத்துக்கு வெளியே அனுமதிகள் மூன்று தட்டுகளில் பிரிந்துள்ளன: வடலூர், பண்ருட்டி போன்ற நகராட்சிகள், கெங்கைகொண்டான், குறிஞ்சிப்பாடி போன்ற பேரூராட்சிகள், சிற்றூராட்சிகள். உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்பட்ட அளவைத் தாண்டும் கட்டடங்கள் டி.டி.சி.பி. என்று அறியப்படும் நகர் ஊரமைப்பு இயக்ககத்துக்குச் செல்கின்றன. 2019 பிப்ரவரியில் வெளியான தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், அதுவரை உள்ளாட்சிக்கு உள்ளாட்சி வேறுபட்டிருந்த விதிகளை ஒரே தொகுப்பாக்கியதோடு, பொறியாளர், கட்டமைப்புப் பொறியாளர், மண் ஆய்வுப் பொறியாளர், தரத் தணிக்கையாளர் ஆகியோரைப் பதிவு செய்யும் முறையையும் வகுத்தன. அதே விதிகள் வெளியானபோது, 12 மீட்டருக்கு மிகாத உயரமும் மூன்று குடியிருப்புகளுக்கு அல்லது 750 சதுர மீட்டருக்கு மிகாத அளவும் கொண்ட வீடுகளுக்கும், தொழிற்சாலைக் கட்டடங்களுக்கும் நிறைவுச் சான்றிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. வீடுகளுக்கான வரம்பு பின்னர் மேலும் தளர்த்தப்பட்டது. இந்திரா நகரிலும் வடக்குத்திலும் எழும் வீடுகளில் மிகப் பலவும் இந்த அளவுக்குள் அடங்கக்கூடியவை என்பதால், அவற்றுக்கு இறுதி ஆய்வு சட்டப்படி இல்லாமலே போகிறது.

4. முந்தைய விபத்துகள் காட்டும் வழி

2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுவந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் கட்டுமானத் தொழிலாளர்கள். திட்ட அனுமதி பெற்ற கட்டடம் அது. அனுமதி தந்த அமைப்பு இடைவெளிகளையும் பரப்பையும் பார்த்தது. கட்டமைப்பின் வலிமை, கட்டுபவர் அமர்த்திய பொறியாளரின் பொறுப்பாக விடப்பட்டிருந்தது. அரசு நீதிபதி ஆர். ரெகுபதி ஆணையத்தை அமைத்து விசாரித்தது. அதே வளாகத்தில் எஞ்சி நின்ற இன்னொரு கட்டடம் 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. திட்ட அனுமதி கட்டமைப்பு வலிமைக்கான உறுதி அன்று என்பதைத் தமிழகம் பெரும் விலை கொடுத்துக் கற்ற நிகழ்வு அது.

பெரிய கட்டடங்களைக் கண்காணித்தால் போதும் என்ற எண்ணத்தை வேறு மூன்று துயரங்கள் மறுக்கின்றன. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளியின் சமையல் கூடத்தில் பற்றிய தீ கூரை வேய்ந்த வகுப்பறைகளுக்குப் பரவி 94 குழந்தைகள் இறந்தனர். 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் அருகே நடூரில் சுற்றுச்சுவர் ஒன்று மழையில் சரிந்து, அதன் நிழலில் இருந்த வீடுகளின்மேல் விழுந்து 17 பேர் இறந்தனர். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் பள்ளிக் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தனர். சமையல் கூடம், சுற்றுச்சுவர், கழிவறை ஆகிய மூன்றும் அனுமதிக் கோப்புகளில் கவனம் பெறாத துணைக் கட்டுமானங்கள். நகரியத்தில் உள்ள பள்ளிகள், சமுதாயக் கூடங்கள், குடியிருப்புகளின் வளாகச் சுவர்கள், ஒதுக்கீடு பெற்றவர்கள் பின்புறத்தில் சேர்க்கும் கொட்டகைகள் ஆகியவற்றை இந்த நோக்கில்தான் ஆய்வுப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

விதிமீறிய கட்டடங்களைக் கட்டணம் பெற்று வரன்முறைப்படுத்தும் வழக்கமும் கண்காணிப்பைத் தளர்த்தியது. நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 1998இல் சேர்க்கப்பட்ட 113-ஏ பிரிவை, ஒருமுறை மட்டும் மேற்கொள்ளும் நடவடிக்கை என்ற அளவில் உச்ச நீதிமன்றம் 2000இல் ஏற்றது. ஆயினும் பின்னர் 113-சி பிரிவின் வழியாக 2007 ஜூலை 1க்கு முற்பட்ட கட்டடங்களுக்கும் விலக்கு திறந்துவிடப்பட்டது. எப்போதாவது மன்னிப்பு வரும் என்று நம்புபவர் விதியைப் பொருட்படுத்த மாட்டார். துருக்கியில் 2018இல் இவ்வாறு பொதுமன்னிப்பு வழங்கப்பட்டதையும், 2023 பிப்ரவரி நிலநடுக்கத்துக்குப் பின் அது கடுமையாக விமர்சிக்கப்பட்டதையும் இங்கு நினைவில் கொள்ளலாம்.

மாற்று வழிக்கு மூன்று நாடுகள் சான்றாகின்றன. 1986 மார்ச் 15 அன்று சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் நியூ வோர்ல்ட் ஹோட்டல் கட்டடம் இடிந்து 33 பேர் இறந்தனர். கட்டடம் தன் சொந்த எடையைத் தாங்க வேண்டும் என்பதே கணக்கில் விடுபட்டிருந்தது. அதன் விளைவாக 1989இல் வந்த கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம், வடிவமைத்த பொறியாளரின் கணக்கை, அந்தத் திட்டத்தில் எவ்விதத் தொழில் நலனும் பண நலனும் இல்லாத இன்னொரு பொறியாளர் புதிதாகச் சரிபார்க்க வேண்டும் என்று வகுத்தது. இங்கிலாந்தில் 2017 ஜூன் 14 அன்று கிரென்ஃபெல் டவர் எரிந்து 72 பேர் இறந்தபின் வந்த 2022ஆம் ஆண்டுச் சட்டம், குறைந்தது 18 மீட்டர் உயரமோ ஏழு மாடியோ உடைய குடியிருப்புகளைக் கட்டுபவர் தமக்கு விருப்பமான ஆய்வாளரைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமையை நீக்கியது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், கட்டுபவரே கூலி கொடுத்து அமர்த்தும் தனியார் சான்றாளர் முறை பல்லாண்டு நடைமுறையில் இருந்தபின், 2018 டிசம்பரில் சிட்னியின் ஓப்பல் டவரில் விரிசல் கண்டு குடியிருந்தோர் வெளியேற்றப்பட்டனர். 2020இல் வடிவமைப்பாளர்களின் பொறுப்பை இறுக்கும் தனிச் சட்டம் வந்தது. மூன்று அனுபவங்களும் உணர்த்தும் விதி ஒன்றே: சரிபார்ப்பவரைக் கட்டுபவர் தேர்ந்தெடுக்கக் கூடாது, அவருக்கு ஊதியமும் நேரடியாகத் தரக் கூடாது.

5. கண்காணிப்பின் ஐந்து படிகள்

முதற்படி: சரிபார்ப்பவரை அமர்த்துதல். மாவட்ட அளவில் பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளர்களின் பட்டியல் ஒன்றை நகர் ஊரமைப்பு அலுவலகம் பேண வேண்டும். நகரியத்தின் கட்டடமாயினும் தனியார் வணிக வளாகமாயினும், பட்டியலில் உள்ளவர் சுழற்சி முறையில் ஒதுக்கப்பட வேண்டும். கட்டுபவர் கட்டணத்தை அரசுக் கணக்கில் செலுத்தி, பொறியாளர் அங்கிருந்து பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு இருந்தால், ஒருவருக்கொருவர் கடமைப்படும் நிலை அற்றுப்போகும். பெரிய கட்டடங்களுக்குச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கட்டுமானப் பொறியியல் துறை, தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் போன்ற நிறுவனங்களின் உதவியை நாடலாம்.

இரண்டாம் படி: மண்ணையும் சுமையையும் கேட்டறிதல். நெய்வேலியின் நிலம் தனித்தன்மை உடையது. பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு உள்ள நிலத்தடி நீரைச் சுரங்கத்துக்காக இடைவிடாமல் வெளியேற்ற வேண்டியுள்ளது. மேல்மண் கொட்டி உருவான நிலங்களும் உண்டு. சுரங்கப் பகுதியை ஒட்டிய ஊர்களில் வெடிவைப்பு அதிர்வும் கருதத்தக்கது. எனவே கொட்டிய மண்ணா, இயற்கை மண்ணா என்பதை வெளிப்படையாகக் கூறும் மண் ஆய்வு அறிக்கை இல்லாமல் எந்த விண்ணப்பத்தையும் ஏற்கக் கூடாது. காற்றுச் சுமையும் அவ்வாறே. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்தைச் சிதைத்ததை நினைவில் கொண்டு, கூரைத் தகடுகள், மேல்நிலைத் தொட்டிகள், விளம்பரச் சட்டங்கள் ஆகியவற்றுக்கும் ஐஎஸ் 875 என்ற இந்தியத் தரவரையறையின் மூன்றாம் பகுதிப்படி காற்றுக் கணக்கு கேட்கப்பட வேண்டும்.

மூன்றாம் படி: நிறுத்திப் பார்க்கும் நிலைகள். அடித்தளக் குழி முடிந்ததும், மேஸ்திரிகள் பேஸ்மென்ட் மட்டம் என்று கூறும் அடிமட்டம் எழுந்ததும், ஒவ்வொரு தளத்துக்கும் சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டி முடிந்ததும், வேலையை நிறுத்தி ஆய்வாளர் பார்த்துக் கையெழுத்திட்ட பின்பே அடுத்த வேலை தொடங்க வேண்டும். கான்கிரீட் மூடிவிட்ட கம்பியைப் பிறகு எந்தச் சான்றும் காட்டாது. ஆய்வின்போது பார்க்க வேண்டியவற்றை ஐஎஸ் 456 தரவரையறை தெளிவாகத் தருகிறது. கம்பிக் கான்கிரீட்டுக்குக் குறைந்தபட்சத் தரம் எம்20, அதாவது 28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் அழுத்தம் தாங்கும் வலிமை. தூணில் கம்பிக்கு மேல் 40 மில்லிமீட்டரும் அடித்தளத்தில் 50 மில்லிமீட்டரும் கான்கிரீட் மூடாக்கு வேண்டும். 5 கன மீட்டர் வரையிலான கான்கிரீட்டுக்கு ஒரு மாதிரி, 6 முதல் 15 வரை இரண்டு, 16 முதல் 30 வரை மூன்று என்ற கணக்கில், ஒவ்வொரு மாதிரிக்கும் மூன்று கனசதுரக் கட்டிகள் வார்த்துச் சோதிக்க வேண்டும். தாங்கல்களுக்கு இடையே 4.5 மீட்டர் வரை நீளும் தளத்தின் முட்டுகளை ஏழு நாளுக்கு முன்பும், அதைவிட நீளும் தளத்தின் முட்டுகளைப் பதினான்கு நாளுக்கு முன்பும் எடுக்கக் கூடாது. சாதாரண சிமெண்டாயின் குறைந்தது ஏழு நாளும், சாம்பல் கலந்த சிமெண்டாயின் பத்து நாளும் நீர்விட்டுப் பதப்படுத்த வேண்டும். வெயிலும் வறட்சியும் மிகுந்த காலத்தில், சாம்பல் கலந்த சிமெண்டாயின், அது பதினான்கு நாளாக நீள்வது நல்லது.

சாம்பல் பற்றி நெய்வேலியில் தனிக் கவனம் தேவை. அனல்மின் நிலையங்களைச் சுற்றிய பகுதிகளில் கட்டுமானத்துக்கு உலர்சாம்பல் பொருள்களைப் பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசின் 1999ஆம் ஆண்டு அறிவிக்கை கூறியது. அதன் எல்லை பின்னர் விரிவாக்கப்பட்டது. பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து மிகுதி என்பதால், கறுப்பு நிலக்கரிச் சாம்பலுக்கு வகுத்த கலவை விகிதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், கற்களுக்கும் கலவைக்கும் தொகுதி வாரியாகச் சோதனைச் சான்று கேட்பது ஆய்வாளரின் கடமை.

நான்காம் படி: பதிவேடு. ஒவ்வொரு கட்டடத்துக்கும் நிலையான எண் ஒன்று தரப்பட்டு, அனுமதித்த வரைபடம், மண் அறிக்கை, கட்டமைப்புக் கணக்கு, நிலை வாரியான ஆய்வுக் குறிப்பு, இடமும் நாளும் பதிந்த படங்கள், கனசதுரச் சோதனை முடிவு, ஒப்பமிட்ட ஒவ்வொருவரின் பதிவெண் ஆகியவை ஒரே கோப்பில் சேர வேண்டும். கட்டடம் நிற்கும் காலம்வரை அந்தக் கோப்பும் இருக்க வேண்டும். பெருங்கட்டடத்தை வீடுகளாக விற்பவருக்கு இது சுமையாகாது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிலோ எட்டு வீடுகளுக்கு மேலோ கட்டுபவர்கள் 2016ஆம் ஆண்டு வீட்டுமனை (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டத்தின்படி பதிவு செய்ய வேண்டியவர்கள். உடைமை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் தெரியவரும் கட்டமைப்புக் குறைகளை இலவசமாகச் சரிசெய்யும் கடமையும் அவர்களுக்கு உண்டு. கோப்பு முழுமையாக இருந்தால் அந்தக் கடமையை நிறைவேற்றியதற்கு அதுவே ஆதாரம்.

ஐந்தாம் படி: விளைவு. 2024 டிசம்பர் 17 அன்று ராஜேந்திர குமார் பர்ஜாத்யா வழக்கில், நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு விரிவான நெறிமுறைகளை வகுத்தது. அனுமதித்த வரைபடத்தைக் கட்டுமானக் காலம் முழுவதும் தளத்தில் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அலுவலர்கள் அவ்வப்போது ஆய்ந்து பதிவு செய்ய வேண்டும். நிறைவுச் சான்று இல்லாமல் மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்புகள் தரக் கூடாது. வங்கிகள் சான்றைச் சரிபார்த்த பின்பே கடன் தர வேண்டும். தவறாகச் சான்று தந்த அலுவலர்மீது துறை நடவடிக்கை எடுக்க வேண்டும். நகரியத்தில் இணைப்புகளை வழங்கும் நிர்வாகமும் கட்டுபவரும் ஒரே நிறுவனமாக இருப்பதால், நகரியப் புதுக் கட்டடங்களுக்கு வெளி ஆய்வாளரின் சான்று வந்த பின்பே குடியேற்றம் என்ற உள்விதியை நிறுவனமே எழுத்தில் ஏற்று வெளியிடுவது மிகச் சிறந்த முன்மாதிரியாக அமையும். சுற்றூர்களில், அனுமதியின்றித் தொடங்கியதை நிறுத்தவும் அகற்றவும் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57ஆம் பிரிவுகள் தரும் அதிகாரம், கூரை எழும்வரை காத்திராமல் அடிமட்டத்திலேயே பயன்படுத்தப்பட வேண்டும். அப்போது இழப்பும் குறைவு, எதிர்ப்பும் குறைவு.

6. தற்சான்று முறையும் அதன் ஈடுகட்டலும்

2024 ஜூலையில் தமிழக அரசு, 2,500 சதுர அடிக்கு மிகாத மனையில் 3,500 சதுர அடிக்கு மிகாத தரைத்தள, முதல் தள வீடுகளுக்கு, விண்ணப்பதாரரின் தற்சான்றின் அடிப்படையில் ஒற்றைச் சாளர இணையதளத்தின் வழியே உடனடி அனுமதி வழங்கும் முறையைத் தொடங்கியது. எளிய குடும்பங்கள் மாதக் கணக்கில் அலையவும் இடைத்தரகருக்குப் பணம் கொடுக்கவும் நேர்ந்த நிலையை இது குறைக்கிறது என்பதால் வரவேற்கத்தக்கது. ஆனால் முன்கூட்டிய ஆய்வை நீக்கினால், பின்னர் செய்யும் ஆய்வை வலுப்படுத்தியாக வேண்டும்.

அதற்கு எளிய வழி, தற்சான்று அனுமதிகளில் குறிப்பிட்ட பங்கைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து அடிமட்ட நிலையிலும் தள நிலையிலும் பார்ப்பது. சுரங்க எல்லைக்கு அருகில் உள்ளவை, கொட்டிய மண்ணின்மேல் உள்ளவை, முன்னர் தவறிய பொறியாளரின் பெயரில் உள்ளவை ஆகியவற்றுக்குத் தேர்வு வாய்ப்பைக் கூட்டலாம். கடலூர் மாவட்டத்தின் ஊராட்சி ஒன்றியங்கள் பலவற்றுக்கும் சேர்த்து ஒரு நடமாடும் ஆய்வுக் குழுவை அமைத்தால், ஒவ்வொரு சிற்றூராட்சியும் தனிப் பொறியாளரை அமர்த்த வேண்டிய தேவை இராது. பொய்யான தற்சான்றில் ஒப்பமிட்ட பொறியாளரின் பதிவை முதல் முறையில் தற்காலிகமாகவும் இரண்டாம் முறையில் நிரந்தரமாகவும் நீக்கி, அதை இணையதளத்தில் வெளியிட வேண்டும். உழைத்துச் சேர்த்த பணத்தில் வீடு கட்டும் ஒருவர், யாரை நம்பலாம் என்பதை முன்பே அறியும் உரிமை உடையவர்.

7. முதுமையடைந்த குடியிருப்புகள்

நகரியத்தின் குடியிருப்புகளில் பல அறுபது ஆண்டுகளைக் கடந்தவை. கான்கிரீட்டுக்குள் காற்றின் கரியமில வாயு மெல்ல ஊடுருவக் கம்பியைக் காக்கும் காரத்தன்மை குறைகிறது. மழைநீர்க் கசிவு சேர்ந்துகொள்ளும்போது கம்பி துருப்பிடித்துப் பருத்துக் கான்கிரீட்டைப் பெயர்க்கிறது. சன்ஷேடு, பால்கனி, படிக்கட்டின் அடிப்பக்கம், குளியலறைத் தளம் ஆகியவற்றில் இது முதலில் தெரியவரும். புதிய கட்டடத்துக்குத் தரும் கவனத்தில் ஒரு பங்கைக்கூடப் பழைய கட்டடத்துக்கு இன்றைய சட்டமுறை தருவதில்லை.

சிங்கப்பூரில் குடியிருப்பல்லாத கட்டடங்களை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையும் குடியிருப்புகளைப் பத்து ஆண்டுக்கு ஒருமுறையும் கட்டமைப்பு ஆய்வுக்கு உட்படுத்துவது சட்டக் கடமை. நெய்வேலியில் இதைப் பின்பற்றுவது கடினமன்று; உரிமையாளர் ஒருவரே என்பதால் வட்டம் வாரியாக அட்டவணை வகுத்துச் சில ஆண்டுகளில் முழு நகரியத்தையும் ஆய்ந்துவிடலாம். தரையில் நின்று கண்ணால் பார்ப்பது முதல் நிலை. ஐயம் எழும் இடங்களில் மீள்துள்ளல் சுத்தியல் சோதனையும் மீயொலித் துடிப்புச் சோதனையும் இரண்டாம் நிலை. தேவைப்பட்டால் துளையிட்டெடுத்த மாதிரியை ஆய்வகத்தில் நசுக்கிப் பார்ப்பது மூன்றாம் நிலை. முடிவுகளைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என வகைப்படுத்தி, சிவப்பு வீடுகளில் வாழ்வோருக்கு மாற்றுக் குடியிருப்பு ஒதுக்கிய பின்பே பழுதுநீக்கமோ இடிப்போ நடைபெற வேண்டும். பள்ளிகள் இந்த அட்டவணையில் முதலில் வர வேண்டும்; 2009இல் அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில், கும்பகோணத் துயரத்தை எடுத்துக்காட்டிய உச்ச நீதிமன்றம், பாதுகாப்பான பள்ளியில் கற்பது கல்வி உரிமையின் பகுதி என்று கூறியுள்ளது.

8. குடியிருப்போர் செய்யத்தக்கவை

கண்காணிப்பு அரசின் கடமையாயினும், அதை விழிப்போடு வைத்திருப்பது மக்களின் கேள்வியே. என்எல்சி இந்தியா பொது அதிகார அமைப்பு என்பதால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் குடிமக்கள் எவரும் விண்ணப்பிக்கலாம். முப்பது நாளுக்குள் விடை தரப்பட வேண்டும். பின்வரும் கேள்விகள் பயனுள்ளவை:

குடியிருப்புக் கட்டடம் கட்டி முடிந்த ஆண்டு எது. கடைசியாகக் கட்டமைப்பு ஆய்வு நடந்த நாள் எது. ஆய்வு செய்த பொறியாளர் நிறுவனத்தின் ஊழியரா, வெளியாரா. அறிக்கையின் நகல் கிடைக்குமா. பரிந்துரைத்த பழுதுநீக்கங்களில் எவை முடிந்தன, எவை எஞ்சின. புதிய கட்டடமாயின் திட்ட அனுமதி எண், கனசதுரச் சோதனை முடிவுகள், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று ஆகியவை எவை.

பொதுத்துறைக் கட்டுமானங்களின் தரத்தை, மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்தின் தலைமைத் தொழில்நுட்ப ஆய்வாளர் அமைப்பு ஆய்வு செய்கிறது என்பதையும், நிறுவனத்துக்குள்ளேயே தலைமை ஊழல் கண்காணிப்பு அலுவலர் உண்டு என்பதையும் தொழிற்சங்கங்களும் நலச் சங்கங்களும் அறிந்திருக்க வேண்டும். புகார் அளிப்பவர், வதந்தியைத் தவிர்த்து, இடம், நாள், படம், விரிசலின் நீள அகலம் ஆகியவற்றோடு எழுதினால் அதைப் புறந்தள்ளுவது கடினம். சுற்றூர்களில் கிராமசபைக் கூட்டங்களில் அந்தக் காலாண்டில் வழங்கிய கட்டட அனுமதிகளின் பட்டியலைப் படிக்கும் வழக்கத்தை ஊராட்சிகள் ஏற்படுத்தலாம். செலவின்றி, ஊரே ஆய்வாளராகும் வழி அது.

9. முதலில் செய்ய வேண்டியவை

மேற்கூறிய யாவற்றுக்கும் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சுழற்சி முறையில் வெளிப் பொறியாளரை ஒதுக்குவதை மாவட்ட நிர்வாகமும் நகர் ஊரமைப்பு அலுவலகமும் சுற்றறிக்கை வழியாகத் தொடங்கலாம். கான்கிரீட்டுக்கு முன் நிறுத்திப் பார்க்கும் நிபந்தனையை அனுமதி ஆணையிலேயே எழுதலாம். வெளிச் சான்றின்றிக் குடியேற்றம் இல்லை என்ற விதியையும் பழைய குடியிருப்புகளின் ஆய்வு அட்டவணையையும் நிறுவனம் தன் தீர்மானத்தால் நடைமுறைப்படுத்தலாம். இவற்றுள் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால், முதலாவதைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை. ஏனெனில் சரிபார்ப்பவர் சுதந்திரமாக இருக்கும் இடத்தில் மற்றக் குறைகள் தாமே வெளிப்பட்டுத் திருத்தம் பெறும், அவர் சுதந்திரமற்று இருக்கும் இடத்தில் எவ்வளவு கடுமையான விதியும் கையெழுத்தாகவே முடிந்துவிடும். நாட்டுக்கு மின்சாரம் தரும் ஊரில், அந்த மின்சாரத்தை உண்டாக்கும் குடும்பங்கள் அச்சமின்றி உறங்கும் கூரை கிடைப்பது அவர்களுடைய உரிமை. அதை உறுதி செய்வது சான்றில் ஒப்பமிடும் ஒவ்வொருவரின் பொறுப்பு.